மூன்று லட்சம் ரூபாய், ஒரு கிளை நூலகம், நாலு யோசனை

பெரம்பூர்ப் பக்கம் எங்கள் கிளை நூலகத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் வரப்போகிறது. ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தினமும் காலையில் ஷட்டர் ஏறும்போதே வாசலில் நின்று தினத்தந்தியை முதல் ஆளாகப் பிரிப்பவர், போன வருடம் காலமானார். அவருடைய மகள் வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வந்து, “அப்பா பேர்ல நூலகத்துக்கு ஏதாவது செய்யணும் சார், என்ன தேவைன்னு நீங்களே சொல்லுங்க” என்று தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு வழக்கமாக வருவது ஆயிரம் ரூபாய்ப் புரவலர் தொகை. அதுவும் வருடத்துக்கு ஐந்தாறு பேர். மூன்று லட்சம் என்றதும் ஆளுக்கொரு யோசனை முளைத்துவிட்டது.

பேசிப் பேசி நாலில் வந்து நின்றது. மொட்டை மாடியில் ஷீட் போட்டு, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு கூடம். நாலு கம்ப்யூட்டர். மொத்தப் பணத்துக்கும் புதுப் புத்தகம். நாலாவது நான் சொன்னது: சாயங்காலம் கூடுதல் நேரம் திறந்து வைக்க ஒரு ஆள். என் யோசனைக்கு முதல் கூட்டத்தில் என்னைத் தவிர ஒரு கை கூட உயரவில்லை. ஆகவே நான் நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் மற்ற மூன்றையும் ஒதுக்கித் தள்ளாமல் கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன்.

முதலில், எங்கள் நூலகத்துக்குப் பணம் எப்படி வருகிறது என்று சொல்லிவிட வேண்டும். சென்னையில் வீடு வைத்திருப்பவர் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் போட்டுக் கொடுத்த ஏற்பாட்டின் வழி அது. சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென்று வந்த முதல் சட்டம் அதுதான். இந்திய நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருடம் விடாமல் முட்டி மோதியதில் வந்தது. உள்ளாட்சி வசூலித்து, நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். வசூலித்ததைக் கொடுக்காமல் நிலுவை வைப்பது பல ஊர்களில் பழைய கதை. வந்த பணத்தில் நாளிதழ், வாடகை, மின்கட்டணம் எல்லாம் போக, கிளைக்கு என்று கையில் எதுவும் மிஞ்சாது. எங்கள் நூலகர் மேடம் ஃபேன் ரிப்பேருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதில் வருவதற்குள் சொந்தக் காசில் கண்டென்சர் மாற்றியதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்துக்குக் கேள்வி கேட்காத மூன்று லட்சம் வருவது அபூர்வம். தப்பாகச் செலவழித்தால் அடுத்த மூன்று லட்சத்துக்கு இன்னும் இருபது வருடம் காத்திருக்க வேண்டும்.

சரி, படிக்கும் கூடம். இதற்குத்தான் ஆதரவு அதிகம். நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட மனுவே வந்தது. கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் மனசு இளகிவிடும். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஐந்து பேர், ஒரு டி.வி., பக்கத்து வீட்டு மிக்ஸி. அங்கே உட்கார்ந்து குரூப் 4-க்குப் படிக்க முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சமச்சீர் புத்தகங்களை பைண்ட் பண்ணித் தூக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுகிறார்கள். பேப்பர் படிக்கும் பெரியவர்கள் வருவதற்குள் நாற்காலி எல்லாம் நிறைந்துவிடும். ஒரு நாற்காலியில் ஆள், அடுத்த நாற்காலியில் அவர் பை. இதில் தினமும் சின்ன முணுமுணுப்பு. அண்ணா நகர்ப் பக்கம் தனியார் படிப்புக் கூடங்களில் ஒரு மேசைக்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். இந்தப் பிள்ளைகளால் அது ஆகாது.

ஆனால் கூடத்தின் கணக்கு ஷீட்டோடு முடியவில்லை. அறுநூறு சதுர அடிக்கு இரும்புத் தூண், மேலே ஷீட், சுற்றி அரைச் சுவர் என்று ஒருவர் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் சொன்னார். மீதி முப்பதாயிரத்தில் ஃபேன், மேசை, வயரிங். சென்னை மே மாதத்தில் தகர ஷீட்டுக்கு அடியில் பகல் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து யாராவது இந்திய அரசியலமைப்பு படிப்பார்களா என்று கேட்டேன். கூலிங் ஷீட் என்று ஒன்று இருக்கிறதாம், அதற்கு இன்னும் ஐம்பதாயிரம் ஆகுமாம். அப்புறம் கழிப்பறை. எங்கள் நூலகத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, பின்பக்கம், தாழ்ப்பாள் சரியாக விழாது. நாளெல்லாம் படிக்க வரும் பெண்களுக்கு அது போதுமா? கூட்டத்தில் இதைக் கேட்டது ஒரு காலேஜ் பெண். அதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்த ஆண்கள் எட்டு பேருக்கும், நான் உட்பட, அது தோன்றவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. படிக்கும் கூடத்தை அரசாங்கமே கட்ட ஆரம்பித்துவிட்டது. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் அந்த மாதிரிதான். லேப்டாப் வைத்து வேலை செய்ய ஒரு பகுதி, படிக்க ஒரு பகுதி, சாப்பிட ஒரு பகுதி. எங்கள் ஏரியா பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே சைக்கிளில் அங்கே போகிறார்கள். கோட்டூர்புரத்தில் ஒன்பது தளத்தோடு நிற்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு. தினமும் பெரம்பூரிலிருந்து சென்ட்ரல், அங்கே இறங்கி நடந்து பூங்கா நகரில் பறக்கும் ரயில் என்று போய்வருவது எல்லோராலும் முடியாது, உண்மைதான். நான் சொல்ல வருவது வேறு. கட்டடம் என்றால் கேட்க நாலு கதவு இருக்கிறது. தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருப்பதே இந்த மாதிரி செங்கல், சிமென்ட் வேலைக்குத்தான். திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. அதனால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் தேர்தல் பக்கத்தில் வந்தால் யாராவது கட்டித் தருவார்கள்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. எங்களுக்கு முன்னாலேயே இரண்டு வந்தன. யு.பி.எஸ். பேட்டரி செத்தது, மாற்ற நிதி வரவில்லை, இப்போது அவற்றின் மேல் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் பழைய மாத இதழ்கள். படிக்க வேண்டியதைப் போனிலேயே படிக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. அதைத் திறக்க எங்கள் மேசை தேவையில்லை. உண்மையில் ஜனங்களுக்கு வேண்டியது ஒரு பிரிண்டர். ஹால் டிக்கெட் ஒரு பக்கம் எடுக்க எதிரில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் பத்து ரூபாய். பிரிண்டர் வாங்கினாலும் இங்க் தீர்ந்தால் யார் வாங்குவது என்று மேடம் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

புத்தகம் என்றால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். நூலகத்துக்குப் புத்தகம் வேண்டாம் என்று எவன் சொல்வான்? தலைவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அவருடைய ஓட்டு இதற்குத்தான். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி வரும்போது வட்டத்தில் எல்லோரும் வேன் பிடித்துப் போய், ஆளுக்கொரு பட்டியலோடு வாங்கி வரலாம் என்றார். கேட்கவே நன்றாக இருந்தது. பத்து சதவீதக் கழிவு போக, சராசரி முன்னூறு ரூபாய்ப் புத்தகம் 270-க்கு வந்தால் மூன்று லட்சத்துக்கு 1,100 புத்தகம். எங்களுக்கு வழக்கமாகப் புத்தகம் மேலிடத்தில் மொத்தமாக வாங்கிப் பிரித்து அனுப்பித்தான் வரும். எங்கள் வாசகர் கேட்ட புத்தகத்தை நாங்களே போய் வாங்குவது என்பது பெரிய சுதந்திரம். அந்த ஆசை எனக்கும் இருந்தது.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். ஒரு மதியம் நாவல் ரேக்கிலிருந்து கை போன போக்கில் இருபது புத்தகம் எடுத்து, பின் அட்டையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்த்தேன். பதின்மூன்றில் கடைசி முத்திரை ஐந்து வருடத்துக்கும் முந்தியது. இரண்டில் சீட்டு ஒட்டியிருக்கிறது, முத்திரையே இல்லை. அதாவது வந்ததிலிருந்து ஒருவரும் எடுத்துப் போகவில்லை. அதில் ஒன்று நான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த நாவல். எட்டடி தூரத்தில், என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. ரேக்கின் மேல் தட்டு, கை எட்டாது, ஸ்டூலில் ஏறினால்தான் முதுகெழுத்து தெரியும். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளில் ஒன்றாக எழுதிவைத்தார். எங்கள் நூலகத்தில் அந்த வாசகர் நான்தான், நூலும் இருந்தது, இரண்டையும் சேர்த்துவைக்க ஆள் இல்லை.

மேசைக்கு அடியில் இன்னொன்று பார்த்தேன். சணல் கயிறு கட்டிய இரண்டு கட்டு, பிரிக்காத புதுப் புத்தகம். வந்து நாலு மாதம் ஆகிறதாம். “எப்ப சார் பிரிக்கிறது?” என்றார் மேடம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டில் வரிசை எண் போட வேண்டும், முத்திரை குத்த வேண்டும், வகைப்பாட்டு எண் எழுதி முதுகில் ஒட்ட வேண்டும், தேதிச் சீட்டு ஒட்ட வேண்டும். இடையில் இரவலுக்கு வருபவர், புதுசாக உறுப்பினராக வருபவர், பேப்பரில் ராசிபலன் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு போகிறவரைப் பிடிக்கும் வேலை. காலை 9 முதல் 12.30, மாலை 4 முதல் 7, வெள்ளி விடுமுறை. இவ்வளவுக்கும் ஒரே ஆள். மாதத்தில் இரண்டு முறை மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் என்று அண்ணா சாலை போனால் அன்றைக்கு ஷட்டர் பாதியில் நிற்கும். 1,100 புத்தகத்தை நாங்கள் வேனில் ஆசையாகக் கொண்டுவந்து இறக்கினால், அது அந்த மேசைக்கு அடியில்தான் போகும். மேசைக்கு அடியில் கொள்ளாது என்பது வேறு விஷயம்.

ஆக, என் யோசனை. ஒரு உதவியாளர், மாலை 4 மணிக்கு வந்து 8.30 வரை இருப்பார். நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்பு முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருப்பவர்கள் எங்கள் பக்கமே இருக்கிறார்கள். மாதம் பத்தாயிரம் என்றால் இரண்டு வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மீதி அறுபதாயிரத்தில் தலைவர் ஆசைப்பட்ட வேன் பயணத்துக்கு 220 புத்தகம். நாலு மணியிலிருந்து ஏழு வரை இரண்டு பேர் இருப்பதால் ஒருவர் கவுன்டரைப் பார்க்கும்போது இன்னொருவர் கட்டைப் பிரிக்கலாம், ரேக்கை அடுக்கலாம், மேல் தட்டில் இருப்பதைக் கீழே கொண்டுவரலாம். ஏழுக்கு மேல் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கதவு திறந்திருக்கும்.

“ஏழு மணிக்கு மேல யார் சார் வரப்போறா?” இது எல்லோரும் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி என்பதால் எதிர் டீக்கடை பெஞ்சில் ஆறு சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினேன். மூடிய ஷட்டருக்கு முன்னால் வந்து நின்று, போர்டில் நேரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் குறைந்தது 4 பேர், அதிகபட்சம் 11. பெரிய கூட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் காலையில் வருபவர்கள் இல்லை. பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்கி வேலையிலிருந்து நேராக வருபவர்கள். தி.நகரில் துணிக்கடை சேல்ஸில் நிற்கும் ஒரு தங்கை, கையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய சமையல் புத்தகத்தோடு புதன், வியாழன், சனி மூன்று நாளும் வந்தாள். மூன்றாவது நாள் ஷட்டர் இடுக்கு வழியாகப் புத்தகத்தை உள்ளே தள்ளப் பார்த்தாள், அட்டை தடித்தது, போகவில்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. நூலகத்துக்கும் வெள்ளிக்கிழமை லீவு. தாமதக் கட்டணம் மட்டும் வாரத்துக்கு ஏழு நாளும் ஓடும்.

வாசகரின் நேரத்தைச் சேமி என்பது ரங்கநாதனின் நாலாவது விதி. ரேக்கில் தேடும் நேரத்தைச் சொன்னதாகத்தான் எல்லோரும் விளக்குவார்கள். எனக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கதவு திறந்திருக்கும் நேரமும் அதில் சேர்த்திதான் என்று பட்டது. மனிதர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த புதிதில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், கணக்கு வாத்தியார் வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று நின்றவர். லண்டன் போய், அங்கே தெருவில் போகிறவர் எல்லாம் நூலகத்துக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவருக்கு இந்த வேலை பிடித்தது.

இந்த யோசனையில் ஓட்டை இல்லாமல் இல்லை. பெரிய ஓட்டை சாவி. புத்தகம் தொலைந்தால் கணக்கு நூலகர் தலையில்தான் விழும். இருப்புச் சரிபார்ப்பில் குறைந்ததற்குக் கைக்காசு கட்டியதாகச் சொல்லும் ஓய்வு பெற்ற நூலகர் ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல புத்தகமாகப் பார்த்துப் பூட்டிவைக்கும் பழக்கம் நூலகர்களுக்கு வருவது இதனால்தான், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியிலிருந்து வரும் ஒரு பையனை நம்பி ஏழு மணிக்கு மேல் இருபதாயிரம் புத்தகத்தை விட்டுவிட்டு மேடம் எப்படி வீட்டுக்குப் போவார்? இதற்கு வழி சொன்னது அவரேதான். முன் வரிசையில் மூன்று ரேக்கைத் தனியாகப் பிரித்து, ஐந்நூறு புத்தகத்துக்குத் தனிப் பதிவேடு போடலாம். மாலை ஆள் அதிலிருந்து மட்டும் இரவல் கொடுப்பார், எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வார். மற்ற பீரோக்கள் பூட்டியிருக்கும். தொலைந்தால் அந்த ஐந்நூறுக்கு வாசகர் வட்டம் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்க நான் தயார். தலைவர் இன்னும் யோசிக்கிறார்.

இரண்டாவது ஓட்டை, இரண்டு வருடம் கழித்து என்ன? ஷீட் போட்டால் பதினைந்து வருடம் நிற்கும், ஆள் பணம் தீர்ந்ததும் போய்விடுவான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரண்டு வருடமும் ஏழு மணிக்கு மேல் வந்தவர்களின் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களை முழுநேரக் கிளையாக்குங்கள் என்று கேட்கலாம். காலை 8 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும் முழுநேரக் கிளைகள் நகரத்தில் இருக்கத்தான் செய்கின்றன. கையில் பதிவேடு இல்லாமல் போன தடவை கேட்டோம், தேவை இருப்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சம்பளம் எதற்கு, தன்னார்வலர்கள் போதாதா என்றும் ஒருவர் கேட்டார். நூலக நண்பர்கள் திட்டத்தில் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டிக்கு வாரம் ஒரு புத்தகம் போகிறது. அருமையான வேலை. ஆனால் செமஸ்டர் வந்தால் காணாமல் போய்விடுவார்கள், அது அவர்கள் தப்பில்லை. தினமும் ஒரே நேரத்தில் ஷட்டர் ஏறும் என்று ஜனங்கள் நம்பினால்தான் வருவார்கள். இரண்டு நாள் வந்து பூட்டியிருந்தால் மூன்றாம் நாள் வர மாட்டார்கள். அதை உறுதிப்படுத்த மாதச் சம்பளம் வேண்டும். எந்த மேம்பாட்டு நிதியிலும் சம்பளம் கேட்க முடியாது, எந்த அமைச்சரும் சம்பளத்துக்கு ரிப்பன் வெட்ட மாட்டார். தனி ஆள் ஒருவர் தரும் பணத்தில் மட்டுமே அதைச் செய்ய முடியும். என் வாதத்தில் இந்த ஒன்றைத்தான் இரண்டாவது கூட்டத்தில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அந்தக் கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கூடத்துக்கு அந்த நாற்பது கையெழுத்தோடு மனுவைத் தனியாக எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுப்பது என்று முடிவு. கழிப்பறையையும் அதில் சேர்க்கச் சொன்னது அந்தக் காலேஜ் பெண்தான், மனுவைத் திருத்தி எழுதுவதும் அவள்தான். கம்ப்யூட்டர் கைவிடப்பட்டது. உதவியாளர், கூடவே 220 புத்தகம் என்பதற்கு ஒன்பதில் ஆறு கை. மாவட்ட நூலக அலுவலரின் அனுமதி வர வேண்டும். அது வராவிட்டால் மொத்தமும் புத்தகத்துக்குப் போகும் என்று தலைவர் நிபந்தனை போட்டிருக்கிறார்.

பணம் கொடுக்கும் அக்காவிடம் இதைச் சொல்ல நானும் மேடமும் போயிருந்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க, அப்பா பேரு எங்க வரும்?” என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கூடம் என்றால் வாசலிலேயே கிரானைட்டில் பொறித்திருக்கலாம். மேடம்தான் சொன்னார், வாசலில் இருக்கும் வேலை நேரப் போர்டில் ஒரு வரி கூடுதலாக எழுதலாம் என்று. ‘மாலை 7 முதல் 8.30 வரை’ என்று போட்டு, பக்கத்திலேயே அவர் பெயர். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். அப்பா தினமும் அந்தப் போர்டுக்குக் கீழேதான் ஷட்டர் ஏறும்வரை நிற்பார், இல்லையா என்று கேட்டார். ஆமாம் என்றோம். பெயின்டரிடம் விசாரித்ததில் புது போர்டுக்கு 1,800 ரூபாய் சொல்கிறார், பழைய போர்டிலேயே எழுதினால் 400.